கொஞ்சிய சொல்லுக்குப் பின்னால்: ஒரு பதற்றத்தின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் பெண்ணின் ஒப்புதலை எழுத்தில் பெற்ற பிறகே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை அவரே மாற்றித் தந்தார். முதல் படியைப் படித்துவிட்டு இரண்டு பத்திகளை எடுத்துவிடச் சொன்னார்; எடுத்துவிட்டேன். சுதந்திரம், தேர்வு, சாவு, வாழ்வின் பொருள் ஆகியவற்றை மனிதர் எதிர்கொள்ளும் விதத்திலிருந்து மனத்தைப் புரிந்துகொள்ள முயலும் இருத்தலியல் உளவியலைப் பாடமாகப் படித்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை ஒரு மனிதரின் முன்னால் உட்கார்ந்து பயன்படுத்தும்போது எங்கே கை கொடுக்கிறது, எங்கே நம்மைத் தவறவிடுகிறது என்ற பதிவுகள்தான் தமிழில் குறைவு. இதில் என் பிழையும் இருக்கிறது. அதை மறைத்தால் இந்தப் பதிவால் யாருக்கும் பயனில்லை.

பின்னணி

2019 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், சேலத்தில் உள்ள என் ஆலோசனை அறைக்கு அவர் வந்தார். வயது 28. சொந்த ஊர் தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமம். சேலத்தில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தர். வார நாள்களில் மகளிர் விடுதி. சனிக்கிழமை மாலை ஊருக்குப் போய், ஞாயிறு இரவு திரும்புவார்.

மூன்று மாதங்களாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடத்து, உள்ளங்கை குளிர்ந்து, மூச்சு முட்டி, இதோ உயிர் போகப்போகிறது என்ற எண்ணம் வருவதாகச் சொன்னார். முதன்முதலில் வந்தது தொப்பூர் கணவாயில், பஸ் இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது. விபத்துகளுக்குப் பேர்போன இடம் அது. ஆகவே பஸ் பயம்தான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். அவரும் அப்படித்தான் நம்பினார். இதய மருத்துவரிடம் போனார். இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் சரியாக இருந்தன. “உடம்பில் ஒன்றுமில்லை, மனத்தை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். “லேசாக வைத்துக்கொள்ளத் தெரிந்தால் நான் ஏன் மேடம் டாக்டரிடம் போகிறேன்?” என்பதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம்.

2018 அக்டோபரில் அவருக்கு நிச்சயதார்த்தம் நடந்திருந்தது. திருமணம் 2019 ஆவணியில் என்று பேச்சு.

வீட்டில் அவர் மூன்றாவது பெண். இரண்டு அக்காக்கள், ஒரு தம்பி. அப்பாவுக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. இரண்டு அக்காக்களும் தம்பியும் ஓசூரில் பெற்றோருடன் வளர்ந்தார்கள். இவர் மட்டும் கைக்குழந்தையிலிருந்து பத்தாம் வகுப்புவரை கிராமத்தில் ஆயாவிடம், அதாவது அம்மாவின் தாயாரிடம் வளர்ந்தார். காரணம் கேட்டபோதெல்லாம் வீட்டில் ஒரே பதில்: “நீ பிறக்கும்போதே நோஞ்சான். ஓசூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளாது.” ஆயா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பா ஓய்வு பெற்றதும் பெற்றோர் கிராமத்துக்கே வந்துவிட்டார்கள். அம்மா தினமும் இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் அழைப்பார். “நீதான் என் உயிர், உன்னை நினைத்துத்தான் நான் மூச்சுவிடுகிறேன்” என்று சொல்லாமல் அழைப்பை முடிக்க மாட்டார்.

முதல் ஐந்து அமர்வுகளில் கண்டது

பதற்றம் வரும் ஒவ்வொரு முறையும் நேரம், இடம், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் நடந்தவை ஆகியவற்றைச் சிறு நோட்டில் குறிக்கச் சொன்னேன். நான்கு வாரங்களில் பதினான்கு முறை வந்திருந்தது. பஸ்ஸில் வந்தவை மூன்றுதான். ஒன்பது முறை வந்தது தொலைபேசி உரையாடல் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள். அவற்றிலும் எல்லாம் அம்மாவின் அழைப்புகள் அல்ல. நான்கு, மணமகனாக நிச்சயிக்கப்பட்டவருடன் பேசிய பிறகு வந்தவை.

அவர் கடுமையானவரா என்று கேட்டேன். இல்லை என்றார். “மிகவும் நல்லவர் மேடம். சாப்பிட்டாயா என்று கேட்பார். நீ வந்த பிறகுதான் என் வாழ்க்கையே தொடங்கும் என்பார். அதைக் கேட்டதும் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.” சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “யாராவது திட்டினால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. வங்கியில் மேலாளர் சத்தம் போட்டால்கூடத் தூங்கிவிடுவேன். கொஞ்சினால்தான் பயம்” என்றார்.

இதை நான் அப்படியே குறித்துக்கொண்டேன். மொத்த வழக்கும் இந்த ஒரு வரியில் இருந்தது என்று இப்போது சொல்ல முடிகிறது. அன்று அவ்வளவு தெளிவில்லை.

ஐந்தாம் அமர்வில் பெரிய அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தது. அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். “பொட்டைப் பிள்ளை, தண்டச் செலவு” என்று அப்பா அவரை முகத்துக்கு நேராகத்தான் திட்டுவாராம். பதினேழு வயதில் அக்கா கோபித்துக்கொண்டு தோழி வீட்டில் போய்த் தங்கி, அங்கிருந்தே வேலைக்குப் போனார். “அக்காவுக்கு என்னைவிட எத்தனையோ கஷ்டம். ஆனால் அவள் படுத்தால் தூங்கிவிடுகிறாள். அவளை அடித்தார்கள், என்னைக் கொஞ்சினார்கள். படபடப்பு எனக்குத்தான் வருகிறது. இது என்ன நியாயம் மேடம்?”

அடிப்படையாகக் கொண்ட கருத்துகள்

பயத்துக்கு முகம் உண்டு, பதற்றத்துக்கு இல்லை. பாம்பைக் கண்டால் ஓடலாம். பதற்றத்தில் எதைக் கண்டு ஓடுவது என்றே தெரியாது. அதனால்தான் மனம் அதற்கு ஏதாவது ஒரு முகத்தை ஒட்டவைத்துவிடுகிறது. இந்தப் பெண்ணுக்கு அது தொப்பூர் கணவாய். டென்மார்க்கின் தத்துவவாதி கீர்க்ககோர் 1844-இல் பதற்றத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். விளிம்பில் நின்று பள்ளத்தைப் பார்ப்பவனுக்குத் தலை சுற்றுவதுபோல, தன் முன்னால் திறந்து கிடக்கும் சாத்தியங்களைப் பார்ப்பவனுக்கு வரும் தலைச்சுற்றலே பதற்றம் என்றார் அவர். சுதந்திரம் இருப்பதால்தான் பதற்றம் இருக்கிறது என்பது இதன் பொருள்.

அமெரிக்க இருத்தலியல் உளவியலாளர் ரோலோ மே அந்த நூலைப் படித்தது ஒரு மருத்துவமனைக் கட்டிலில். 1940-களில் காசநோய் கண்டு, நியூயார்க் மாநிலத்தின் சாரனாக் லேக் என்ற ஊரில் உள்ள காசநோய் விடுதியில் படுத்திருந்தார். நோய்க்கு உறுதியான மருந்து இல்லாத காலம். பிராய்டு பதற்றத்தின் பொறிமுறையை விளக்குகிறார், கீர்க்ககோரோ இங்கே படுத்திருக்கும் நாங்கள் உணர்வதையே எழுதியிருக்கிறார் என்று அவருக்குத் தோன்றியது. பிழைத்து எழுந்து, 1949-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு பதற்றம் பற்றிய அவருடைய நூல் வெளியானது. ஒருவர் தம் இருப்புக்கே ஆணிவேர் என்று பற்றிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றுக்கு ஆபத்து நேரும்போது எழுவதே பதற்றம் என்பது அவர் தந்த வரையறையின் சாரம். ஆபத்தின் அளவுக்கு ஏற்ற பதற்றம் இயல்பானது. அதை எதிர்கொண்டு வளரலாம். அளவை மீறியது, அமுக்கி வைக்கப்பட்ட முரண் ஒன்றிலிருந்து கிளம்புவது நரம்புத்தளர்ச்சிப் பதற்றம். அது ஆளைச் சுருக்கிவிடும். சிகிச்சையின் வேலை இரண்டாவதை முதலாவதாக மாற்றுவது. பதற்றமே இல்லாத மனிதரை உருவாக்குவது எவருடைய வேலையும் அல்ல.

அந்த நூலுக்காக அவர் செய்த ஒரு கள ஆய்வு இந்த வழக்குக்கு மிக நெருங்கியது. நியூயார்க்கில் மணமாகாத கர்ப்பிணிகள் தங்கும் காப்பகம் ஒன்றில் 13 இளம்பெண்களை ஆராய்ந்தார். பெற்ற தாயால் ஒதுக்கப்பட்டவர்களிடம் நரம்புத்தளர்ச்சிப் பதற்றம் மிகுந்திருக்கும் என்று எதிர்பார்த்தார். சிலரிடம் அப்படித்தான் இருந்தது. ஆனால் வேறு சிலர், அடித்துத் துரத்தப்பட்டவர்கள், பதற்றமே இல்லாமல் இருந்தார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. ஒருநாள் மாலை களைத்துப்போய், 8-ஆவது தெருச் சுரங்க ரயில் நிலையத்தை நோக்கி நடக்கும்போது அவருக்குப் பொறிதட்டியது: கணக்குக்கு ஒத்துவராதவர்கள் எல்லோரும் உழைக்கும் வர்க்கத்துப் பெண்கள். அவர்களுடைய தாய்மார்கள் வெளிப்படையாகவே ஒதுக்கினார்கள். மகள்களுக்கும் அது தெரியும். ஆகவே அன்பைத் தேடித் தெருவுக்குப் போய்த் தோழிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். நடுத்தர வர்க்கத்துத் தாய்மார்கள் ஒதுக்கிக்கொண்டே நேசிப்பதாகச் சொன்னார்கள். பதற்றத்தின் ஊற்று ஒதுக்கப்பட்டதில் இல்லை; அதைப் பற்றிச் சொல்லப்பட்ட பொய்யில் இருந்தது.

ஆறாம் அமர்வும் என் பிழையும்

அக்கா பற்றிய பேச்சைக் கேட்ட இரவு, மேயின் ஆய்வு என் முன்னால் எழுந்து நின்றது. எழுபது ஆண்டுகளுக்கு முன் நியூயார்க்கில் கண்டது, தருமபுரியில் ஒரே வீட்டின் அக்கா, தங்கை இருவரிடமும் பொருந்தியிருந்தது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அந்த மகிழ்ச்சிதான் என்னை அவசரப்படுத்தியது.

2019 மார்ச் முதல் வாரம், ஆறாம் அமர்வு. அவர் அம்மாவின் இரவு அழைப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கிட்டு, “உங்கள் அம்மா உங்களை விரும்பவில்லை என்பது உங்களுக்கு உள்ளே தெரியும். அதைத் தெரியாததுபோல வைத்துக்கொள்ளப் பாடுபடுவதுதான் இந்தப் படபடப்பு” என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு மிக மெதுவாக, “தாயிற் சிறந்தொரு கோயிலும் இல்லை என்று எங்கள் பள்ளிச் சுவரில் எழுதியிருக்கும் மேடம்” என்றார். பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

நான் சொன்னதில் தவறு இருந்ததா என்பது வேறு கேள்வி. சொன்னதே தவறு. அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை, அம்மாவை யாராகப் பார்ப்பது என்பதை, அவருக்குப் பதிலாக நான் எடுத்துவிட்டேன். சுதந்திரத்தை மையமாகக் கொண்ட ஒரு சிகிச்சைமுறையில் இதைவிடப் பெரிய பிசகு இருக்க முடியாது. இருபத்தெட்டு ஆண்டுகளாக அவரைத் தாங்கி நின்ற ஒரே தூணையும் உருவிவிட்டு, மாற்றாக ஒரு குச்சியைக்கூட ஊன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நான் மருந்து வேண்டாம் என்று நினைத்தேன். பதற்றம் சொல்ல வந்ததைச் சொல்லட்டும், அதை அமுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். உடன் பணியாற்றும் மனநல மருத்துவர் மறுத்தார். “வாரத்துக்கு மூன்று நான்கு முறை சாவைப் பார்த்துவிட்டு வருபவரால் எதையும் யோசிக்க முடியாது” என்றார். குறைந்த அளவில் ஒரு மருந்து தொடங்கினார். அவர் சொன்னதுதான் சரி. இடைவெளி விழுந்த அந்த ஏழு வாரங்களில் மருந்துக்காக அவரிடம் மட்டும் அந்தப் பெண் வந்துபோனார். அந்த ஒரு நூலில்தான் எங்கள் தொடர்பு அறுந்துவிடாமல் இருந்தது.

கூத்து

ஏப்ரல் கடைசியில் அவரே நேரம் கேட்டு வந்தார். ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா, பாரதக் கூத்து. அன்றைய இரவு கர்ண மோட்சம். சிறுவயதில் ஆயாவின் மடியில் படுத்துப் பார்த்தது. இந்த முறை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

ஆற்றில் விட்ட பிள்ளையைத் தேடிக் குந்தி வருகிறாள். போர் நெருங்கிய பிறகு, வரம் கேட்டு வருகிறாள். கேட்ட வரங்களைக் கர்ணன் கொடுக்கிறான். பதிலுக்குத் தான் கேட்பது: போர்க்களத்தில் நான் விழுந்தால் என்னை மடியில் எடுத்துப் போட்டு, நான் பெற்ற மகன் என்று உலகறியச் சொல்லி அழ வேண்டும். விடியும் வேளையில் குந்தி வேடம் கட்டியவர் நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதார். கூட்டம் அழுதது. பக்கத்தில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, உடல் குலுங்க அழுதார். அழுதுகொண்டே மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லோரும் கர்ணனுக்காக அழுதார்கள் மேடம். அம்மா குந்திக்காக அழுதார். எனக்கு அது தெரிந்தது” என்றார் அந்தப் பெண். “கர்ணன் அன்பைக் கேட்கவில்லை. நடந்ததைச் சொல் என்று கேட்டான். ஆனால் செத்த பிறகுதான் கிடைத்தது. என்னால் அதுவரை காத்திருக்க முடியாது.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கடந்துபோகவில்லை. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டேன். இல்லை, வாழ்வதைப் பற்றித்தான் பேசுகிறேன் என்றார். விரிவாகக் கேட்டுப் பார்த்ததிலும் அப்படித்தான் இருந்தது. மனநல மருத்துவரிடமும் அன்றே தெரிவித்தேன்.

தொன்மம் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ரோலோ மே தம் இறுதிக் காலத்தில், 1991-இல் வெளியிட்ட நூலில், தொன்மம் என்றால் பொய்க்கதை என்ற எண்ணத்தை மறுத்தார். சிதறிக் கிடக்கும் வாழ்க்கைக்குப் பொருள் தரும் கதை வடிவமே தொன்மம், அது இல்லாமல் மனிதரால் இருக்க முடியாது என்பது அவர் வாதம். நான் இதைப் படித்திருந்தேன். ஆனாலும் கொன்றைவேந்தன் வரியை உடைக்க வேண்டிய ஒன்றாக மட்டுமே பார்த்தேன். அந்த வரி இந்தப் பெண்ணை வாயடைத்து வைத்திருந்தது உண்மை. கோயிலாக நிற்பவளிடம் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அதே மரபு, பிள்ளையை ஆற்றில் விட்ட தாயின் கதையையும் ஊர் நடுவில், விடிய விடிய, பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும்படி வைத்திருக்கிறது. அந்தத் தாயை அது தண்டிக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. எனக்கு இது தோன்றவேயில்லை. வழியை அவர்தான் கண்டுபிடித்தார். நான் ஏழு வாரம் அவர் பக்கத்தில்கூட இல்லை.

முதலில் மன்னிப்புக் கேட்டேன். “அன்று நான் சொன்னது என் அவசரம். உங்கள் அம்மாவைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது” என்றேன். “எனக்கும் தெரியாது மேடம். அதைத்தான் கேட்கப்போகிறேன்” என்றார்.

கேள்வி

அடுத்த மூன்று அமர்வுகளும் அந்தக் கேள்விக்கான ஆயத்தம். நீண்ட குற்றப்பட்டியல் ஒன்றை எழுதிக்கொண்டு வந்தார். தம்பியின் படிப்புக்கு அடகு வைத்த நகை, யாரும் வராத பள்ளி ஆண்டு விழாக்கள், ஓசூருக்கு விடுமுறைக்குப் போனால் விருந்தாளித் தட்டில் சோறு. ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, ஒவ்வொன்றாக அவரே அடித்தார். கடைசியில் ஒரு கேள்வி மிஞ்சியது: “நான் பிறந்தபோது என்ன நடந்தது?”

அம்மாவை என் அறைக்கு அழைத்துவந்து கேட்கலாம், எதிர்பாராதது நடந்தால் பார்த்துக்கொள்ள நான் இருப்பேன் என்று சொன்னேன். அவர் மறுத்தார். “இங்கே என்றால் அம்மா உங்களுக்காகப் பேசுவார். எனக்காகப் பேச மாட்டார்.” ஏற்றுக்கொண்டேன். ஆனால் இரண்டு நிபந்தனைகள் வைத்தோம்: அன்று இரவு திருப்பூர் அக்காவும் ஊரில் இருக்க வேண்டும்; மறுநாள் காலை அவர் என்னை அழைக்க வேண்டும். எந்தப் பதில் வந்தால் தாங்க முடியாது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “மறுபடியும் ஓசூர்க் குளிர் என்று சொன்னால்தான் தாங்க முடியாது” என்றார்.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு. அம்மா திண்ணையில் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தருமபுரிப் பக்கத்தில் கோடையில் எல்லா வீட்டிலும் நடக்கும் வேலை. மகள் எதிரில் உட்கார்ந்து, தானும் ஒரு கட்டையை எடுத்துத் தட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார். அம்மா வழக்கம்போல நோஞ்சான் என்று தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். வெகுநேரம் புளி தட்டும் சத்தம்தான். பிறகு தலை நிமிராமல் சொன்னார்.

“ஆறு நாள் உன் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவதும் பெண் என்றதும் உன் அப்பா ஆஸ்பத்திரிக்கே வரவில்லை. பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். ஆயா உன்னைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டால் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் என்னவெல்லாம் செய்தார்கள் என்று உனக்குத் தெரியும். எனக்கும் அந்த நினைப்பு வந்தது. ஆயா என் முகத்தைப் பார்த்தார். அன்று ராத்திரியே உன்னைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்துவிட்டார்.”

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு குறிப்பு. மகள் பிறந்தது 1991-இல். அப்போது சேலம், தருமபுரி வட்டாரங்களில் பெண் சிசுக்கொலை நடப்பது ஊரறிந்த துயரம். வளர்க்க விரும்பாத குழந்தையை அரசிடம் விட்டுச் செல்ல வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 1992-இல் முதலில் சேலம் மாவட்டத்தில் தொடங்கியதற்குக் காரணமே அதுதான். அம்மா எதைச் சொல்கிறார் என்று மகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பின்விளைவு

மறுநாள் காலை ஏழு மணிக்கு அழைத்தார். நான் இரவு முழுவதும் சரியாகத் தூங்கவில்லை. அவர் தூங்கியிருக்கிறார். “அம்மா சொன்னதும் கொஞ்ச நேரம் காது அடைத்துக்கொண்டது. பிறகு பசித்தது. சாப்பிட்டுப் படுத்தேன். எட்டு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. இது சரியா மேடம்? நான் அழ வேண்டாமா?”

அழுகை பத்து நாள் கழித்து வந்தது. அம்மாவுக்காக அல்ல, ஆயாவுக்காக. ஆயா ஒருநாளும் கொஞ்சியதில்லை. “ஏ கழுதை, வந்து தின்னு” என்றுதான் கூப்பிடுவார். மழைநாளில் பள்ளிவரைக்கும் தூக்கிக்கொண்டு போவார். போகும்போதே திட்டிக்கொண்டு போவார். தன்னை உயிரோடு வைத்திருந்தது அந்தத் திட்டுகள்தான் என்று அறிந்தபோது, இறந்து மூன்று ஆண்டுகள் ஆன கிழவிக்காக என் அறையில் ஒரு மணி நேரம் அழுதார். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இந்த வழக்கில் நான் சரியாகச் செய்த சிலவற்றில் அதுவும் ஒன்று.

நோட்டுக் கணக்கு: ஜூனில் மூன்று முறை, ஜூலையில் இரண்டு முறை, பிறகு ஆண்டு முடியும்வரை மொத்தமே இரண்டு முறை. மருந்தை மனநல மருத்துவர் நவம்பரில் படிப்படியாக நிறுத்தினார். இதில் மருந்தின் பங்கு எவ்வளவு, அம்மாவின் பதிலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் அளவுகோல் இல்லை. தூக்கம் திரும்பிய நாள் மட்டும் நோட்டில் தெளிவாக இருக்கிறது.

திருமணம் நடக்கவில்லை. நிச்சயிக்கப்பட்டவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார். எனக்கு ஓராண்டு அவகாசம் வேண்டும், நல்ல சொல்லைக் கேட்டுப் பழக வேண்டும் என்று இவர் கேட்டார். அவருடைய வீட்டார் ஒப்பவில்லை. ஆடிக்கு முன்பே பேச்சு முறிந்தது. இவர் மிகவும் வருந்தினார். சில இரவுகள் சாப்பிடவில்லை. ஆனால் அந்த வாரங்களில் ஒருமுறைகூட மூச்சு முட்டவில்லை. இழந்தது எது என்று தெரிந்த வருத்தம் அது. இயல்பான பதற்றம், இயல்பான துயரம் என்று ஏட்டில் படிப்பது கண்முன் இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

22 அமர்வுகளோடு டிசம்பரில் முடித்துக்கொண்டோம்.

மறுபடி செய்தால்

ஆறாம் அமர்வை வேறு மாதிரி நடத்துவேன். “கொஞ்சினால்தான் பயம்” என்று அவர் சொன்ன இடத்திலேயே நின்று, முதன்முதலில் யார் கொஞ்சியபோது பயந்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். மேயின் ஆய்வு எனக்கு வழிகாட்டியது. அது 13 பேரிடம், ஒரு நகரத்தின் ஒரு காப்பகத்தில் கண்டது என்பதையும் மறக்காமல் வைத்துக்கொள்வேன். உண்மை எல்லோரையும் தூங்கவைக்கும் என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொண்டு, பெற்றோரை நிற்கவைத்துக் கேள்வி கேட்க ஆள்களை அனுப்பக் கூடாது. இந்தப் பெண் கேட்டார், தாமே கேட்டார், கேட்டபோது பக்கத்தில் அக்கா இருந்தார், வேலையும் சம்பளமும் இருந்தன. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் நான் தயங்கியிருப்பேன்.

பெரிய குறை இன்னொன்று. மகளை ஆயத்தப்படுத்த மூன்று அமர்வுகள் செலவிட்டேன். அம்மாவைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. என் குறிப்புகளில் அவர் எப்போதும் காரணமாக மட்டுமே இருந்தார்.

2019 ஆகஸ்டில் ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் அவர் தனியாக வந்தார். கையில் ஒரு துணிப்பை நிறையப் புளி. “என் மகளுக்கு நல்லாக்கிக் கொடுத்தீர்கள்” என்று மேசைமேல் வைத்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. “அவளிடம் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் என் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற முதுகு தெரிகிறது. எனக்கும் ஏதாவது மாத்திரை இருக்கிறதா?”

மகளுக்கு ஆலோசகராக இருக்கும் நானே அவருக்கும் ஆலோசகராக இருப்பது முறையல்ல என்பதால், தருமபுரியில் உள்ள ஒரு தோழியிடம் அனுப்பினேன். மூன்று முறை போனார். பிறகு போகவில்லை. தோழி தொலைபேசியில் அழைத்தபோது, “இப்போது மகள் தினமும் எட்டு மணிக்கு அவளே கூப்பிடுகிறாள், அது போதும்” என்று சொல்லியிருக்கிறார்.

என்ன பேசுகிறீர்கள் என்று மகளிடம் கேட்டேன். “சாப்பாடு, மழை, ஆட்டுக்குட்டி. உயிர் என்ற பேச்சை அம்மா எடுப்பதில்லை” என்றார்.